எங்கள் அண்ணி பிள்ளை பெற்ற இடம்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நான் அவளைக் கவனித்து வருகிறேன். நாத்தனார் என்றால் கவனிக்கத்தானே செய்வாள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது குறை அல்ல. எங்கள் குடும்பத்தில் வெளியே நாலு பேரிடம் மார்தட்டிச் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால், அது அண்ணி இரண்டாவது பிள்ளையைப் பெற்ற கதைதான். பிள்ளை பெறுவதில் என்ன பெரிய பெருமை, ஊர் உலகமே பெற்றுக்கொண்டுதானே இருக்கிறது என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அண்ணிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. நான் அதே கட்டடத்தில் பேக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டைகளை நீள மேசையில் பரப்பி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, போகலாம் அல்லது போகக்கூடாது என்று பிரிப்பது அவள் வேலை. மற்றவர்கள் காலரைப் பார்ப்பார்கள், பட்டனை இழுத்துப் பார்ப்பார்கள். அண்ணி சட்டையை உள்பக்கமாகத் திருப்பிய பிறகுதான் பார்க்கவே தொடங்குவாள். புதிதாகச் சேர்கிற பெண்களிடம் நாள் முழுக்க "திருப்பு, திருப்பு" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் திருப்பக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர்கூட சில சமயம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுவார்.

மூத்த பெண் பிறந்தது பெரிய ஆஸ்பத்திரியில். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரி அது. அண்ணனை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவையும் என்னையும் வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மறுநாள் குழந்தையைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள். தாயும் சேயும் நலம். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. பிள்ளைக்கு நடை வந்து, பேச்சு வந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் சொன்னாள்.

"ஏய் பொடிசு, உனக்குத் தெரியுமா? எனக்குத் தையல் போட்டதே வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தெரிஞ்சுது. ஊரான் சட்டையில இருக்கற தையலெல்லாம் எண்ணிச் சொல்றேன். என் உடம்புல போட்ட தையல் எனக்குத் தெரியல."

நான் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். அவள் தொடர்ந்து பேசினாள். யாரும் அடிக்கவில்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை என்றாள். ஆனால் திரும்பு, படு, கத்தாதே, முக்கு என்பதைத் தவிர ஒரு வார்த்தைகூடத் தன்னிடம் யாரும் பேசவில்லை என்றாள். மேலே ஒரு மின்விசிறி சுற்றாமல் நின்றிருந்ததாம். அதைப் பார்த்தபடியே, தான் செத்துப்போனால் வெளியே இருப்பவர்களுக்கு எப்போது தெரியும் என்று யோசித்துக்கொண்டு கிடந்தாளாம்.

அதனால் இரண்டாவது தரித்ததும், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மட்டும் ஆச்சரியம் வரவில்லை.

"இந்தத் தடவை எங்க பெத்துக்கறதுன்னு நான் போய்ப் பாத்துட்டுதான் சொல்வேன்."

அம்மாவுக்குக் கை அப்படியே நின்றது. "பாத்துட்டுன்னா? அது என்ன துணிக்கடையா? பெரியாஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க, போனோமா பெத்தோமா வந்தோமான்னு இல்லாம."

அண்ணன் குழாய் வேலை செய்கிறவன். உடைந்த குழாயைக் கண்டால் புலி, வீட்டுப் பேச்சு என்றால் பூனை. "உனக்கு எது சரின்னு படுதோ அதுவே சரி" என்றான்.

"அதைத்தான் எல்லாத்துக்கும் சொல்றீங்க. ஒரு தடவையாவது கூட வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

தொழிற்சாலையில் அந்தச் சமயம் வயிறும் பிள்ளையுமாக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்தால் பேச்சு அதிலேதான் போய் நிற்கும். அண்ணி ஒவ்வொருத்தியையும் கேட்டாள். நீ எங்கே போகப்போகிறாய், ஏன் அங்கே?

"எனக்கு வலின்னாலே ஆகாதுக்கா. ஆபரேஷன்தான். தேதியைச் சொல்லிட்டா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்ப் படுத்துடுவேன்" என்றாள் ஓவர்லாக் மிஷினில் இருப்பவள்.

"பெரியாஸ்பத்திரிக்கு நம்ம கேட்லருந்து நேர் பஸ் இருக்கு. இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்றாள் கட்டிங்கில் இருந்த பெண்.

பட்டன் வைக்கிறவள், "எங்க மாமியார் எங்க சொல்றாங்களோ அங்க. என்னைக் கேட்டுட்டா மாத்தி முடிவு பண்ணப்போறாங்க?" என்று சிரித்தாள்.

கடைசியில் அயர்ன் பண்ணும் பெண் மெல்லச் சொன்னாள். "எங்க அக்கா வீட்டுலயே பெத்துக்கிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா திட்டுவாங்கன்னு பயம். ரத்தம் நிக்காம, அப்புறம் தூக்கிட்டு ஓடினோம். பொழைச்சது பெரிய விஷயம்."

அண்ணி டப்பாவை மூடினாள். "பாத்தியா, வலியைவிட திட்டுக்குல்ல பயப்படறோம்" என்றாள். ஆபரேஷன்காரியைப் பார்த்து, "நீ யோசிச்சு முடிவு பண்ணியிருக்க. உனக்கு அது சரி. எதுக்கும் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கோ" என்று அவள் தோளில் தட்டினாள். யாருடைய முடிவையும் அவள் மட்டம் தட்டியதில்லை. தனக்கு எது என்பதுதான் அவள் கேள்வி.

முதலில் கடைத்தெரு முனையில் இருக்கிற தனியார் நர்சிங்ஹோமுக்குப் போனோம். வழவழவென்று தரை, மெத்தை வைத்த சோபா, பெரிய கண்ணாடித் தொட்டியில் மீன். வரவேற்பில் இருந்த பெண் அன்பாகப் பேசினாள். டிவி வைத்த அறையைக் காட்டினாள், உறவினர் படுக்கத் தனிக் கட்டிலைக் காட்டினாள்.

"பிள்ளை பெத்துக்கற ரூமைக் காட்டுங்கம்மா" என்றாள் அண்ணி.

"அங்கெல்லாம் வெளியாள் போக முடியாதுங்க."

"சரி. டாக்டர் இங்கயே இருப்பாங்களா?"

"கூப்பிட்டா வந்துடுவாங்க."

"எங்கருந்து?"

அந்தப் பெண் மீன் தொட்டியைப் பார்த்தாள். மீனுக்கும் தெரியவில்லை. நாங்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்தது எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற சின்னப் பிரசவ நிலையம். தபால் நிலையத்துக்குப் பின்னால், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒற்றைமாடிக் கட்டடம். அங்கே பொறுப்பில் இருந்தவள் ஒரு நர்ஸம்மா. கட்டையான உருவம், கணீர்க் குரல். அண்ணி கேட்டு முடிக்கும் முன்பே, "வா, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து பாரு" என்று கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு கட்டில், உயரத்தில் ஒரு ஜன்னல், பிடித்துக்கொண்டு நிற்க சுவரில் இரும்புக் கம்பி. அண்ணி கக்கூஸைத் திறந்து பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். விரிப்பைப் புரட்டி அடியில் பார்த்தாள். நர்ஸம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன பாக்கணும்?"

"ஏதாவது எசகுபிசகா ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள். பிரஷர் இருந்தால், குழந்தை குறுக்கே இருந்தால், முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் இங்கே எடுப்பதில்லை. நடுவில் ஏதாவது சரியில்லை என்றால் வாசலில் வண்டி நிற்கிறது, பாலத்தைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. "நான் கெட்டிக்காரிதான். ஆனா எங்கிட்ட ஆபரேஷன் தியேட்டர் இல்ல, ரத்தம் இல்ல. அதை மறைச்சு உன்னை இங்க படுக்க வைக்க மாட்டேன்."

"கூட ஒரு ஆள் இருக்கலாமா?"

"தாராளமா. உன்னைப் பிடிச்சுக்க எனக்கும் ஒரு கை வேணுமே."

வெளியே வரும்போது அண்ணியின் நடை மாறியிருந்தது. ஆனால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன இடம், சின்ன இடம் என்றே பிடிவாதமாக நின்றாள். அண்ணி சண்டை போடவில்லை. "நீங்களே வந்து பாருங்க அத்தை. பாத்துட்டு வேண்டாம்னா அப்ப பேசலாம்" என்றாள்.

அம்மா வந்தாள். எல்லாவற்றையும் உதட்டைச் சுழித்தபடியே பார்த்தாள். பிறகு நர்ஸம்மாவிடம், என் வாழ்நாளில் நான் அவளிடம் கேட்டிராத சின்னக் குரலில் பேசினாள். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"வீட்டுலதான் பெத்தேன். நல்லா சிவப்பா இருந்துச்சு. அழவே இல்ல. தட்டினாங்க, தண்ணி தெளிச்சாங்க. அழல."

நர்ஸம்மா அலமாரியைத் திறந்து, ரப்பர் பையும் சின்ன முகமூடியும் சேர்ந்த ஒன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். "பிள்ளை மூச்சு விடலன்னா இதை மூக்கு, வாய் மேல வச்சு அழுத்துவோம். அழுத்திப் பாருங்க."

அம்மா அழுத்தினாள். காற்று அவள் உள்ளங்கையில் பட்டது. மறுபடி அழுத்தினாள்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா?"

"தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கையைக் கட்டிட்டு நின்னிருக்க மாட்டோம்."

அண்ணி அம்மாவின் முதுகில் கைவைத்தபடி நின்றாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சரி. அந்தப் பொம்பளைகிட்டயே பெத்துக்கோ" என்றாள்.

இத்தோடு சுபம் என்று நினைத்தோம். நினைத்தபடி நடக்கவில்லை. மாதம் நெருங்கியபோது அண்ணிக்கு முகம் கொஞ்சம் ஊதினாற்போல் இருந்தது. நர்ஸம்மா பிரஷர் பார்த்தாள். ஓய்வாக உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். பிறகு கருவியின் பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, அண்ணியின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏறியிருக்கு. இங்க வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குப் போயிடு."

அண்ணி தலையாட்டினாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். எங்கள் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்தாள்.

"ஆபத்துன்னா அதுதான் சரியான இடம். அது எனக்கும் தெரியும். இடம்தான் மாறுது. ஆனா போன தடவை மாதிரி வாயை மூடிட்டுப் போய்ப் படுக்க மாட்டேன்."

மறுநாளே போனோம். அங்கே பிரசவப் பகுதிக்குப் பொறுப்பு ஒரு டாக்டரம்மா. நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அவள் எப்போது உட்காருவாள் என்றே தோன்றியது. அண்ணியைச் சோதித்தாள். மருந்து எழுதினாள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, நாமே வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்துவிடலாம் என்றாள். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். என் மூத்தவ இங்கதான் பொறந்தா. ரொம்பப் பயந்துட்டேன். இந்தத் தடவை என்ன பண்ணினாலும் பண்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம், எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி கூட இருக்கணும்."

டாக்டரம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "முதல் விஷயம் நீ கேக்காமலே நாங்க செய்ய வேண்டியது. அதைச் செய்யறோம்" என்றாள். அடுத்ததற்குப் பெருமூச்சு விட்டாள். "துணை ஆள் வேண்டாம்னு நான் சொல்லலம்மா. வந்து பாரு."

வார்டைக் காட்டினாள். கட்டிலை ஒட்டிக் கட்டில். நடுவில் மறைப்பே இல்லை. ஒருத்திக்குத் துணை வந்தால் அவள் அடுத்தவளையும் பார்ப்பாள். பிரசவ வலியில் கிடக்கிற பெண்ணுக்குக் கொஞ்சமாவது மறைவு வேண்டாமா? பலமுறை எழுதிக் கேட்டும் வரவில்லை என்றாள்.

அண்ணி கட்டில்களுக்கு நடுவில் நடந்தாள். கூரையைப் பார்த்தாள். "திரைதானே டாக்டர்? தைச்சுக் குடுத்தா மாட்டுவீங்களா?"

கூட நின்ற வார்டு சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டு ஜன்னல் திரை மாதிரி இல்ல. பருத்தியா இருக்கணும். கொதிக்கிற தண்ணியில துவைச்சா சாயம் போகக்கூடாது. சுருங்கக்கூடாது. அழுக்குப் படிஞ்சா உடனே கழட்ட வரணும்."

"சொல்லுங்க சிஸ்டர், இன்னும் சொல்லுங்க" என்றாள் அண்ணி. அவளுக்குக் குஷி வந்துவிட்டது. இது அவள் மேசைக்கு வந்த வேலை.

அடுத்த சில நாட்கள் எங்கள் தொழிற்சாலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. நிறம் கொஞ்சம் மாறிப்போய் ஒதுக்கிய பருத்தித் துணி கிடங்கில் கிடந்தது, இளநீலம். மேனேஜரிடம் அண்ணியே போய்க் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "என் சம்சாரத்துக்கு அடுத்த மாசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். சாப்பாட்டு வேளையில் பத்துப் பன்னிரண்டு மிஷின் ஓடியது. ஆபரேஷன்காரி ஓரம் அடித்தாள். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஒவ்வொரு மடிப்பையும் அயர்ன் பண்ணினாள். அண்ணி வயிற்றைத் தாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு திரையையும் திருப்பிப் பார்த்தாள். இரண்டைத் தூக்கிப் போட்டாள்.

"பிரிச்சுத் தை."

"அக்கா, உள்பக்கத்தை யாருக்கா பாக்கப்போறாங்க?"

"ரெண்டு பக்கமும் ஆள் படுத்திருக்கும்டி. திரைக்கு எது உள்பக்கம்?"

கம்பி மாட்டும் வேலைக்கு அண்ணன் தானாகவே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. "நான் வந்து அளவெடுக்கறேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அண்ணி அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். வார்டைக் கழுவிவிட ஒரு பக்கத்தைக் காலி செய்கிற காலை வேளையில் அவனை உள்ளே விட்டார்கள். கூச்சத்தில் தலையைக் குனிந்தபடியேதான் இருந்தானாம். தலையைக் குனிந்துகொண்டு கூரையில் எப்படிக் கம்பி அடித்தான் என்று வார்டு சிஸ்டர் இன்றைக்கும் கேட்கிறாள். ஆனால் கம்பி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

அண்ணியைச் சேர்த்த அன்று வார்டின் ஒரு பக்கத்தில் திரைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் முழுக்க இளநீலமாகத் தெரிந்தது. நான் துணைக்கு உள்ளே போனேன். அம்மாவும் அண்ணனும் வெளியே.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிரசவம் என்றால் சினிமாவில் கதவு சாத்துவார்கள் என்பதற்கு மேல் தெரியாது. டாக்டரம்மா வந்து, "இப்ப வலி வர மருந்து ஏத்தறேன், கொஞ்ச நேரத்துல பிடிக்க ஆரம்பிக்கும்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். பிரஷரைப் பார்த்து, "எந்திரிச்சு நிக்கலாம், பக்கத்துலயே நடக்கலாம்" என்றாள். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தாள். வலி ஏற ஏற என் தோளில் அவள் நகம் இறங்கியது.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா... யாராவது இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தேன். சின்னப் பெண், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். வேலைக்காக வேறு ஊரிலிருந்து புருஷனோடு வந்தவளாம். வீட்டுப் பெண்கள் யாரும் இங்கே இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"போ பொடிசு, போய் அவ கையைப் பிடிச்சுக்கோ" என்றாள் அண்ணி.

"அப்ப நீங்க?"

"எனக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும். போ."

அன்று முழுக்க நான் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தேன். இங்கே இடுப்பை அழுத்தி, அங்கே நெற்றியைத் துடைத்து, இங்கே தண்ணீர் கொடுத்து, அங்கே "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லி. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அண்ணி இந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பாள். "மூச்சை மெதுவா விடச் சொல்லு. வாயால விடச் சொல்லு." அவள் சொல்வாள், அந்தப் பெண் செய்வாள். பிறகு அண்ணிக்கே பெரிய வலி வந்தபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சின்னக் குரல், "அக்கா, வாயால விடுங்கக்கா" என்றது. அந்த வலியிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்போடு சிரிப்பாக வலி உச்சிக்கு ஏறியது. அண்ணி கத்தினாள். வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை. திரை என்றதும் அத்தனை நிபந்தனை போட்ட அதே வார்டு சிஸ்டர், அண்ணியின் முட்டியைத் தாங்கிக்கொண்டு, "நல்லா வருது, தலை தெரியுது, கையைக் கீழ கொண்டுவா, நீயே தொட்டுப் பாரு" என்றாள். அண்ணி தொட்டாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயம் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

பிள்ளை வந்தது. பெண். வந்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் அதைவிடச் சத்தமாக, "அழுதுடுச்சு! அழுதுடுச்சுடா!" என்று கேட்டது. அண்ணன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை, மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. டாக்டரம்மா, "சின்னதாக் கிழிஞ்சிருக்கு, ரெண்டு தையல் போடணும், மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் போடறேன், சரியா?" என்றாள்.

"சரி டாக்டர்" என்றாள் அண்ணி, பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு. "கேட்டீங்க பாருங்க, அதுக்கே சரி."

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் பையன் பிறந்தான். அவள் புருஷன் வெளியே எங்கள் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதானாம். யாரென்றே தெரியாதவன். அம்மா இரண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றித் தூக்கினாள். பிரசவ நிலையத்து நர்ஸம்மா மறுநாள் பார்க்க வந்தாள். திரையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வேளை உன்னை இங்க அனுப்பினேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு வார்டில் திரை போட்ட பக்கத்தில் பிள்ளை பெற வருகிற பெண்களோடு ஒருத்தி துணைக்கு இருக்கலாம் என்றாகிவிட்டது. பட்டன் வைக்கிறவள் தன் மாமியாரிடம், "நீங்க சொன்ன இடத்துக்கே வரேன் அத்தை, ஆனா முதல்ல போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லி, கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா எங்கே போனாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, "என் மருமக என்ன பண்ணினான்னு கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அண்ணிக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு இல்லை. அம்மா எதையாவது விட்டுவிட்டால் நான் எடுத்துக்கொடுப்பேன்.

போன வாரம் வார்டு சிஸ்டர் போன் பண்ணினாள். அந்த வார்டின் மறுபக்கத்துக்கும் திரை வேண்டுமாம். சின்னவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை கட்டில் சிஸ்டர்?... ஜன்னல் எந்தப் பக்கம்?... ம். வெள்ளிக்கிழமை வரேன். அளவு நீங்க எடுக்காதீங்க, நானே வந்து பாக்கறேன்."